மறுமொழி சொன்ன தூண்

மனசுக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று நான் வெளிப்படையாகச் சொல்வது எங்கள் வளவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "வயித்துக் குத்துக்குப் போன எண்டு சொல்லுங்களன் ராத்தா" என்று கல்முனைச் சந்தையில் வைத்தே ஒருத்தி எனக்குப் புத்தி சொன்னாள். வயிற்றுக் குத்துக்குப் போயிருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். நான் போனது தொண்டைக்கு. வைத்தியம் நடந்தது மனசுக்கு. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அதுவும் இவ்வளவு சிரிப்பான கதையை மறைத்து வைத்தால் எனக்குத் திரும்பவும் தொண்டை அடைத்துவிடும். தொண்டையில் என்னவோ நிற்கிறது என்று சோற்றை ஒதுக்கிவிட்டுப் பயந்துகொண்டிருக்கும் யாராவது இதை வாசித்தால் நல்லது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சத்தக்காரி. நான் சிரித்தால் தெரு முனையில் மீன் விற்பவர் "சுபைதா ராத்தா இண்டைக்குச் சந்தோஷமா இரிக்கா" என்று சொல்லுவாராம். என் கணவர் சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. கடிதம் எழுதப் பொறுமை இல்லாத நான் கசற்றில் பதிந்துதான் அவருக்குக் கதை அனுப்புவேன். இரண்டு பக்கமும் நிரம்பிவிடும். கோழி முட்டையிட்டது, முருங்கை முறிந்தது, மாவடிப்பள்ளி வயலில் வெள்ளம் ஏறியது எல்லாம் அதில் இருக்கும். அங்கே அவருடைய அறையில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் சுற்றியிருந்து கேட்பார்களாம்.

மூத்த மகள் நஸீமாவுக்குக் கலியாணம் முடித்தோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். தாய் தகப்பன் வேறு வீட்டுக்கு ஒதுங்கும்வரை எல்லாரும் ஒரே கூரையின் கீழ்தான். அப்படி வந்த மருமகனின் முன்னால் மாமி போகமாட்டாள், நேருக்கு நேர் கதைக்கமாட்டாள். அது அவருக்குச் செய்கிற மரியாதை. அவர் முன்வாசலால் வந்தால் மாமி குசினிக்குள். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி அனுப்புவாள். மகள் இல்லாத நேரம் சுவரைப் பார்த்தோ, தூணைப் பார்த்தோ, பூனையைப் பார்த்தோ சொல்வாள். "பூன, சோறு ஆறுது" என்று நான் உள்ளே இருந்து சொன்னால் மருமகன் வந்து சாப்பிட உட்காருவார். பூனையும் வரும்.

மருமகன் மருதமுனைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். பெயரை எழுதினால் வெட்கப்படுவார், மருமகன் என்றே இருக்கட்டும். கலியாணத்துக்கு முன் யாரோ வந்து, "மாப்புள நல்ல அமைதியான மனிசன். சத்தம் கித்தம் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லை நான் பிடித்த பிடி இருக்கிறதே, விடவே இல்லை. அவர் வீட்டில் இருந்தால் ரேடியோ நிற்கும். கோழிகளைப் பின்வளவுக்குத் துரத்துவேன். என் சின்ன மகன் இருமினால்கூடக் கண்ணை உருட்டிப் பார்ப்பேன். சிரிப்பு வந்தால் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவேன். கணவருக்குக் கசற் பதியும்போது வைக்கோற் போருக்குப் பின்னால் உட்கார்ந்து குசுகுசுவென்று கதைத்தேன். "கசற் பழுது, ஒண்டும் கேக்கல்ல" என்று அவர் மறுமொழி அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் தொண்டை தொடங்கியது. நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை தொண்டைக் குழியில் நிற்பதுபோல் இருந்தது. விழுங்கினாலும் இறங்காது, காறினாலும் வராது. முதலில் சோறு இறங்க மறுத்தது, பிறகு றொட்டி, பிறகு பாணைத் தேநீரில் தோய்த்தாலும் பயம். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கைவிரல் குளிர்ந்துவிடும். கல்முனையில் ஒரு டொக்டர் லைற் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தண்ணி மருந்து தந்தார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். இரண்டையும் குடித்தேன். உருண்டை அசையவில்லை. கை வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு மெலிந்துபோனேன்.

எனக்கு ஒரே நினைவுதான், இது புற்றுநோய். அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நஸீமாவுக்கு வயிற்றில் பிள்ளை. முதல் பிள்ளை. பிள்ளை பிறந்தால் நாற்பது நாளும் தாய்தானே பார்க்க வேண்டும்? குளிக்க வார்க்க, காய மருந்து அரைத்துக் கொடுக்க, பிள்ளைக்குத் தொட்டில் கட்ட, யார் இருக்கிறார்கள்? "ரப்பே, அந்த நாற்பது நாளுக்கும் என்ன வச்சிரு" என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தினேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும். என் தம்பிமார் வயலில் வேளாண்மை வெட்டில் நின்றார்கள். எனவே கூட்டிப்போக மருமகன்தான். நடுவில் கதைத்துக் கொடுக்க நஸீமா வந்தாள். பஸ்ஸில் நானும் அவளும் முன் இருக்கை, மருமகன் கடைசி இருக்கை. போகிற வழியெல்லாம் அவள் சத்தி எடுத்தாள். என்னை வார்ட்டில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, "நீ இனி இவடத்த வரப்படா புள்ள, வயித்துல இரிக்கிறது குலுங்கிப் போகும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

பெண்கள் வார்ட்டில் என் பக்கத்துக் கட்டில் பூரணம் அக்கா. பெரியநீலாவணை, புருஷன் கடல் தொழில். வயிற்றில் ஒப்பரேஷன் செய்து தையலோடு படுத்திருந்தா. நான் கட்டிலில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு எங்க வெட்டின?" எனக்கு ஒன்றும் வெட்டவில்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்தவ மாதிரிப் பார்த்தா. அன்றைக்கே நாங்கள் சிநேகிதம். எனக்கு நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் தன் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொள்ளுவா. இப்படியொரு கை பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று படுத்தவருக்குத்தான் தெரியும்.

பரிசோதனைகள் நடந்தன. நெஞ்சிலும் கையிலும் வயர் ஒட்டி இதயம் எப்படி அடிக்கிறது என்று கடதாசியில் கீறினார்கள். இரத்தம் எடுத்தார்கள். கழுத்தைப் பின்னால் நின்று தடவிப் பார்த்தார்கள், கழுத்தில் உள்ள சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க. பிறகு சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்கும்போது எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அந்த வெள்ளைத் தண்ணீர் போகிற வழியில் அடைப்பு இருந்தால் படத்தில் தெரியுமாம். வாய்க்காலுக்குள் தண்ணீர் விட்டு அடைப்புப் பார்ப்பது போலத்தான். அதைக் குடிக்க நான் பட்ட பாடு! தாதி மிஸ்ஸி திட்டினா, கெஞ்சினா, கடைசியில் என் முதுகைத் தடவிவிட்டா. இறங்கியது.

இந்த நாட்களில் பார்வையாளர் நேரத்துக்கு மருமகன் தினமும் வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி, நஸீமா தந்த கஞ்சிப் போத்தலோடு வந்து நிற்பார். நடுவில் கதைக்க ஆள் இல்லை. வார்ட்டு விறாந்தையில் ஒரு தூண் இருந்தது, பழைய காலத்துத் தூண், இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன். அவர் அந்தப் பக்கம் மறைந்து நிற்பார், நான் இந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்பேன். "தூணே, நஸீமா தின்றாளாமா?" என்பேன். "தின்றாவாம்" என்று மறுமொழி வரும். எங்கள் இருவருக்கும் அது மிகவும் வசதியாக இருந்தது.

படங்கள் எல்லாம் சுத்தமாக வந்தன. அடைப்பும் இல்லை, கட்டியும் இல்லை. இனிக் கலங்க வேண்டாம் என்று சொன்ன வார்ட்டு டொக்டர், "மனசு சம்பந்தமா ஒரு டொக்டரம்மா வருவா, அவவோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னைப் பைத்தியம் என்கிறார்களே என்று போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு அழுதேன். கட்டி இருந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எப்படி இருக்கிறது என் புத்தி!

அந்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்தவ. இளம் பிள்ளை, மூக்குக் கண்ணாடி. அவ வார்ட்டுக்குள் வந்த நேரம் பார்வையாளர் நேரம். நான் விறாந்தையில் தூணோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவ கொஞ்ச நேரம் கதவடியில் நின்று என்னையே பார்த்திருக்கிறா. நான் கட்டிலுக்குத் திரும்பியதும் பக்கத்தில் கதிரையைப் போட்டு மெல்ல உட்கார்ந்தா.

"அம்மா, இப்ப அந்தத் தூணோட கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள் என்ன?"

"ஓம் டொக்டர்."

"தூண் திருப்பிக் கதைக்குமோ?"

"ஓம். கேட்டா மறுமொழி வரும்தானே."

"இப்ப என்ன சொன்னது?"

"பஸ் சுணங்கி வந்ததாம். நாளைக்கு வெள்ளனக் கஞ்சி கொண்டு வாறயாம்."

அவவின் பேனை நின்றுவிட்டது. "ஆம்பிளைக் குரலோ, பொம்பிளைக் குரலோ?"

"ஆம்புளக் குரல்தான்." இதென்ன கேள்வி என்று நினைத்தேன்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"மகள்ட கலியாணம் முடிஞ்சதுல இருந்து. அதுக்கு முதல் தேவப்படல்ல டொக்டர்."

"வீட்டிலயும் தூண் கதைக்குமோ?"

"வீட்டுல தூண் இல்ல. சுவர்தான். சில நேரம் பூன."

டொக்டரம்மாவின் முகம் அப்படியே இரக்கத்தால் நிறைந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டா. "பயப்படாதையுங்கோ அம்மா. இதுக்கு நல்ல குளிசை இருக்கு. தேவைப்பட்டாக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்" என்றா. கொழும்பா? தொண்டைக்கா? நான் திகைத்துப்போய்ப் பூரணம் அக்காவைப் பார்த்தேன். அவ தலையணையை வயிற்றில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து குலுங்கிக்கொண்டிருந்தா.

"ஐயோ டொக்டர்! என்ட தையல் பிரியப் போகுது! அது தூண் இல்ல டொக்டர், தூணுக்கு அங்கால மருமகன் நிக்கிறார்! இவங்க மாமியும் மருமகனும் நேர கதைக்க மாட்டாங்க. எங்கட பக்கத்துலயும் கன வீட்டுல இப்பிடித்தான். எட்டிப் பாருங்க, இப்பயும் நிக்கிறார்!"

டொக்டரம்மா எழுந்து போய்த் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா. வெறும் கஞ்சிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மருமகன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றார். டொக்டரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தா. மிஸ்ஸிமார் ஓடி வந்தார்கள். கதை வார்ட்டு முழுக்கப் பரவியது. நானும் சிரித்தேன். முந்தானையை வாய்க்குள் வைக்காமல், மகளின் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் பழைய சிரிப்பு. சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்தேன். அது எங்கேயும் நிற்காமல் இறங்கியது. நானே அதைக் கவனிக்கவில்லை, பூரணம் அக்காதான் சொன்னா.

அடுத்து வந்த நாட்களில் டொக்டரம்மா என்னைச் சின்ன அறை ஒன்றில் உட்கார வைத்துக் கதைத்தா. ஊசி இல்லை, குழாய் இல்லை, கதைதான். இதற்கு உளவளத்துணை என்று பெயராம். நான் கதைக்கக் கதைக்க அவ கேட்டுக்கொண்டிருப்பா. நடுவில் ஒரு கேள்வி போடுவா, அதற்குள் நான் எங்கெங்கோ போய் வருவேன். மனம் அதிக நாள் பாரம் சுமந்தால் உடம்பின் தசைகள் தாமாகவே இறுகிவிடுமாம். தொண்டையைச் சுற்றியுள்ள தசை இறுகினால் உருண்டை நிற்பது போல் இருக்குமாம். அது படத்தில் தெரியாது, ஆனால் நடிப்பும் இல்லை, வருத்தம் வருத்தம்தான் என்று அவ சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நாளும் 'எல்லாம் உங்கட நினைப்புத்தான்' என்று கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தேன்.

"அப்ப என்ட சத்தத்த அடக்கினதுதான் தொண்டைக்குள்ள நிக்கிதா டொக்டர்?" என்று கேட்டேன்.

"அப்பிடி லேசாச் சொல்லிப்போட ஏலாது அம்மா. புருஷன் தூரத்தில, மகள் வயித்தில பிள்ளையோட, வீட்டுப் பாரம் முழுக்க உங்கட தலையில. ஆரிட்டயும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. எல்லாம் சேர்ந்து வந்தது."

வயிற்றில் கையை வைத்து மெதுவாக மூச்சு இழுத்து விடப் பழக்கினா. நெஞ்சு படபடத்தால் ஓடாமல் உட்கார்ந்து அந்த மூச்சைப் பார்க்கச் சொன்னா. நித்திரைக்குக் கொஞ்ச நாளுக்கு ஒரு சின்னக் குளிசை. பிறகு ஒரு நாள், "உங்கட மருமகனையும் கூப்பிட்டுக் கதைக்கப்போறன். நீங்கள் நேர கதைக்க வேண்டாம். நானே தூணா இருக்கிறன்" என்றா.

அறைக்கு நடுவே துணித் திரை போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மருமகன், இந்தப் பக்கம் நான், ஓரத்தில் டொக்டரம்மா. மருமகன் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், நான் தறி வீட்டுல பொறந்த ஆள். எங்கட வீட்டுல விடிஞ்சா பொழுதுபட்டா தறிச் சத்தம். ஒராளுக்கு ஒராள் கத்தித்தான் கதைப்பம். இந்த வீட்டுக்கு வந்தா ஒரு சத்தம் இல்ல. கலியாணத்தண்டு உள்ளுக்க இரிந்து ஒரு சிரிப்புக் கேட்டிச்சி. ஆர் எண்டு கேட்டன், மாமி எண்டாங்க. நல்ல கலகலப்பான வீடு கிடைச்சிரிக்கு எண்டு சந்தோஷப்பட்டன். அதுக்குப் பொறகு அந்தச் சிரிப்ப நான் கேக்கவே இல்ல. மாமிக்கு என்னப் புடிக்கல்லபோல. நான் வந்துதான் அவங்களுக்கு வருத்தமும் வந்தது. வேற வீடு பாத்துப் போவமா எண்டு யோசிச்சிக்கிட்டிரிக்கன்."

இந்தப் பிள்ளைக்காக நான் வாயைப் பூட்டிக்கொண்டு கிடக்க, அந்தப் பூட்டிய வாயைப் பார்த்தே இந்தப் பிள்ளை கலங்கியிருக்கிறது!

"அவருக்குச் சத்தம் ஆகாது எண்டுதானே நான்..." என்று டொக்டரம்மாவிடம் சொன்னேன்.

"சத்தம் இல்லாட்டி எனக்கு நித்திரயே வராது டொக்டர்" என்றார் அவர். "பொறகு, சாப்பாடும் கூட. தினமும் தேங்காப்பால் விட்ட வாழக்காய்ப் பாலாணம். எனக்கு வாழக்காய் ஏலாது. தட்டுல மிச்சம் வச்சா மாமிக்கு மனவருத்தம் எண்டு அத முதல்ல விழுங்கிடுவன். அடுத்த நாள் இன்னும் கூட வரும்."

அவ்வளவுதான். தூணும் இல்லை, திரையும் இல்லை, என் வாய் திறந்துவிட்டது.

"ஏன் மருமகன் சொல்லல்ல? அந்த வாழக்காய்க்கு நான் எத்தின வீட்டு வேலி ஏறி எறங்கின தெரியுமா? எங்கட வளவுல இரிந்த குலையெல்லாம் முடிஞ்சி போச்சே!"

நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"மாப்புத் தாங்க மாமி. சொல்ல வழி தெரியல்ல."

டொக்டரம்மா எழுந்து வெளியே போய்விட்டா. தூணுக்கு வேலை முடிந்தது என்று போனாவாம், பிறகு பூரணம் அக்காவிடம் சொன்னாவாம்.

அன்றைக்கு மருமகன் கடையில் வாங்கி வந்த இடியப்பத்தைச் சொதியோடு சாப்பிட்டேன். பாதியில் ஒரு தடவை உருண்டை எட்டிப் பார்த்தது. வயிற்றில் கையை வைத்து மூச்சு விட்டுக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டேன். பூரணம் அக்கா தன் பங்கிலும் இரண்டைத் தூக்கி என் தட்டில் வைத்தா. வீட்டுக்குப் போகும் நாளில் பஸ்ஸில் மருமகன் என் பின் இருக்கையில் உட்கார்ந்தார். கடைசி இருக்கையிலிருந்து அவ்வளவு தூரம் முன்னேற்றம்.

எல்லாம் உடனே மறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் பல மாதம் கிளினிக்குக்குப் போனேன். கவலை கூடினால் உருண்டை வரும், கதைத்தால் போகும். வீட்டில் ரேடியோ திரும்பப் பாடியது. கோழிகள் முன்வாசலுக்கு வந்தன. அடுத்த கசற்றில் நான் கதைத்த கதையைக் கேட்டுவிட்டு, "இப்பதான் கசற் சரியாயிரிக்கி" என்று கணவர் சொல்லி அனுப்பினார். மரியாதை குறைந்துபோயிற்று என்று ஒருவர் இருவர் முணுமுணுத்தார்கள். முக்காடு என் தலையில்தான் இருந்தது, மரியாதையும் இருந்த இடத்தில்தான் இருந்தது. வாழைக்காய் மட்டும் வீட்டைவிட்டுப் போனது.

நஸீமாவுக்குப் பேறு நடந்தது கல்முனை ஆஸ்பத்திரியில், விடிந்து வெயில் ஏறுகிற நேரம். மருமகன் ஆஸ்பத்திரி விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தார். நான் உள்ளே, அவள் கையைப் பிடித்தபடி. பெண் பிள்ளை. அழுத அழுகையைக் கேட்டதும் தெரிந்தது, என் சத்தக்காரத் தொண்டை அதற்குத்தான் போயிருக்கிறது.

வெளியே வந்தேன். விறாந்தையில் ஒரு தூண். அதற்கு அந்தப் பக்கம் மருமகனின் சட்டை தெரிந்தது. பழக்க தோஷத்தில் தூணின் முன்னால் போய் நின்றுவிட்டேன். அவரும் கண்டுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து குறும்பாக ஒரு குரல் வந்தது.

"தூணே, உள்ளுக்க என்ன நடந்ததாம் எண்டு மாமிட்டக் கேளு."

நான் தூணைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு நேரே நின்றேன்.

"பொம்புளப் புள்ள மகனே! தாயும் புள்ளயும் நல்ல சுகம். இனி நீங்களும் உங்கட மகளுக்கு வீடு கட்டத் தொடங்குங்க!"

மருமகன் அழுதுகொண்டே சிரித்தார். என் நெஞ்சும் படபடவென்று அடித்தது, ஆனால் அது வேறு படபடப்பு. நாற்பது நாள் என் முன்னால் கிடந்தது. ஒரு நாளும் குறையாமல் நான் பார்க்கப்போகிற நாற்பது நாள். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மருமகன், ஒரு பிளேன்ரீ வாங்கித் தாங்க. சீனி கூடப் போட்டு."

ஓடிப்போய் வாங்கி வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற நிலையில், முழுக் கிளாஸ் தேநீரையும் குடித்து முடித்தேன்.